மாதாவின் வாயில் பாதி

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அதுதான் மரியாதை. எங்கள் கோயில் மாதாவின் வாய் என் முகத்தில்தான் இருக்கிறது என்று சின்ன வயதில் நான் நம்பிக்கொண்டு திரிந்தேன். சும்மா நம்பவில்லை. தலை வாரும்போது கண்ணாடியில் தெரிந்த என் வாய்க்கு ஒரு கும்பிடும் போட்டிருக்கிறேன்.

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது கட்டுப்பல். மீதிப் பேர் தங்களுக்குக் கட்டுப்பல் இல்லை என்று பொய் சொல்கிறவர்கள். இந்த வயதில் வாயைப்பற்றி எழுத வந்தவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மிச்சமிருக்கிற ஒரே நல்ல உறுப்பு அதுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள். ‘நல்ல’ என்ற சொல் மட்டும் நான் சேர்த்தது.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில், நாயாற்றுக்குப் போகிற பக்கம் இருந்தோம். வாடிகள் என்று நாங்கள் சொல்கிற ஓலைக் குடிசைகள், கருவாடு காய்கிற பந்தல்கள், கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன வேதக்கோயில். உள்ளே ஒரு மாதா சுரூபம். அன்றைய என்னைவிடக் கொஞ்சம் உயரம், நீலப் போர்வை, கையில் செபமாலை. எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது அந்தச் சுரூபமும் இல்லை, கோயிலும் இல்லை. கடல் எடுத்தது என்று ஒரு கதை, சண்டை எடுத்தது என்று ஒரு கதை. இரண்டையும் இங்கே இறக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை கதைக்கப் பிந்தினால், தாய் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை கோயிலுக்கு வருவாள். தேங்காயெண்ணெயில் விரலைத் தோய்த்து மாதாவின் சொண்டில் தடவி, அதே விரலைப் பிள்ளையின் சொண்டில் தடவுவாள். சொண்டு என்றால் எங்களுக்கு உதடு. பிறகு பிள்ளை கதைக்கும். உடனே இல்லை, கதைக்கிற வயது வரும்போது கதைக்கும். ஆனால் பெயர் எண்ணெய்க்குத்தான்.

நான் மூன்று வயது தாண்டியும் வாயைத் திறக்கவில்லையாம். சாப்பாட்டுக்கு மட்டும் திறந்தேனாம். அம்மா சனிக்கிழமை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. செவ்வாய், வியாழன் என்று கண்ட நாளெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறா. மற்றத் தாய்மார் விரல் நுனியால் தொட்டதை அவா உள்ளங்கையால் தேய்த்திருக்கிறா. கடைசியில் ஒரு நாள் நான் கதைக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

“மாதாவின்ர வாயில பாதியை உன்ர பெடியன்தான் திண்டு முடிச்சவன்” என்பார் சம்மாட்டியார். கரைவலையின் சொந்தக்காரர் அவர். அப்பா அவரிடம்தான் தொழில் செய்தார்.

பெரியவர்கள் பகிடிக்குச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த நேரம் சுரூபத்தில் வாய் என்று ஒன்று இல்லை. தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தடவியதில் முதலில் வர்ணம் போய், பிறகு சாந்தும் தேய்ந்து, மூக்குக்கும் நாடிக்கும் நடுவில் முட்டைக்கோது மாதிரி ஒரு வழுவழுப்பு மட்டும் இருந்தது. போன வாய் எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும். ஊர் என்னைக் காட்டியது. நானும் மறுக்கவில்லை.

எங்கள் ஊரில் மனிதரின் வாயை மீனை வைத்துத்தான் சொல்வார்கள். வேறு என்ன இருந்தது எங்களிடம். கீழ்ச்சொண்டு முன்னுக்குத் தள்ளி நிற்கிற அப்பாவுக்குச் சீலா வாய். சின்னதாகக் குவிந்து, எதையோ கொறிக்கப் போவது போலிருக்கும் அம்மாவுக்கு ஓரா வாய். கோயில் திறப்பை, அதாவது சாவியை, வைத்திருந்தவரும், சுவாமியார் வராத நாட்களில் செபம் சொல்லித் தந்தவருமான மூப்பருக்குத் திருக்கை வாய். திருக்கைக்கு வாய் அடிப்பக்கத்தில் அல்லவா, இவருக்கும் அது மீசைக்கும் கீழே எங்கேயோ ஒளிந்திருக்கும். செபம் மட்டும்தான் வெளியே வரும். சம்மாட்டியாருக்குக் கோபம் வந்தால் கன்னம் இரண்டும் உப்பிவிடும், அது பேத்தை வாய். பொம்பிளை பார்க்கப் போய் வந்தவர்களிடம் “வாய் என்ன மாதிரி?” என்று கேட்பார்கள். “பாரைக்குஞ்சு” என்றால் கலியாணம் நடக்கும். “கெளிறு” என்றால் பேச்சு வேறு வீட்டுக்குப் போகும்.

எனக்கு என்ன வாய் என்று கேட்கிறீர்களா? கலவாய். பிடிபட்ட பிறகும் வாயை மூடாத மீன் அது.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு வருடம், கச்சான் என்ற மேல்காற்றுச் சுடச்சுட அடிக்கத் தொடங்கிய நேரம் எங்கள் பங்குக்குப் புதுச் சுவாமியார் வந்தார். சுரூபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மாதாவுக்கு வாயில்லை. உங்களுக்காக ஆண்டவரிட்ட அவா எப்பிடிக் கதைப்பா?” என்று கேட்டார். ஊர் வெட்கப்பட்டுப்போனது. ஆவணியில் மாதா பெருநாள். அதற்கு முன் வாய் வைத்தாக வேண்டும்.

சுரூபம் செய்கிற பட்டணத்து ஆட்களெல்லாம் பெரிய கோயில்களில் வேலையாக இருந்தார்கள். அப்பாதான் ஆள் பிடித்தார். கருவாட்டு லொறியோடு தர்மபுரம் பக்கம் போனபோது ஒரு கடைப்பலகையின் எழுத்தைப் பார்த்து மயங்கி நின்றிருக்கிறார். எழுதியவர் மலைநாட்டுக்காரர். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களை, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை, எரித்த பிறகு குடும்பத்தோடு இறங்கி வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வர்ணம் பூசிய கையாம். இங்கே மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது.

“சைவக்காரன்ர கையால மாதாவுக்கு வாயோ?” என்றார் மூப்பர்.

“வாயில்லாமல் நிக்கிறதைவிட அது திறம்தானே” என்றார் அப்பா.

லொறி திரும்பி வந்தபோது வெறும் சாக்குகளுக்கு நடுவிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் பெயின்ரர் மாமா. மெலிந்த ஆள், காதில் பென்சில். அடுத்தது மாமி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி இறங்கினா. லொறியில் அடித்த கருவாட்டு மணத்துக்குத்தான் என்று நினைத்தோம். அடுத்த நாளும் பொத்தியபடிதான் இருந்தா. தண்ணீர் அள்ள இரண்டு கையும் வேண்டுமென்றால், தலைப்பை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய்க் காதுப் பக்கம் செருகிக்கொள்ளுவா. அம்மா கேட்டதற்கு “பல்லு வலிங்க” என்றாவாம். மூன்றாவது ஆள் பாப்பா. நாலு வயது இருக்கும். பெற்றவர்கள் பாப்பா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கூப்பிட்டால் பார்ப்பாள். பதில் வராது.

அவள் கதைக்கப் பிந்திய பிள்ளை இல்லை. லயத்தில் பாட்டெல்லாம் படித்தவளாம். எரித்த அன்றைக்கு நிறுத்தியவள். பெயின்ரர் மாமா இதை மூப்பரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். நான் நிற்காத இடம் எது.

“லொறி டைவரு சொன்னாருங்க. இந்த மாதா ஒதட்டத் தொட்டு வச்சா புள்ளைங்க பேசுமாம். நான் ஒதடு வச்சு முடிச்சதும், மொதல்ல எம்புள்ளைக்குத் தொட்டு வைக்க விடுவீங்களா?”

மூப்பர் நாடியைச் சொறிந்தார். “புது வாய்க்கு அந்தப் பலம் இருக்குமோ தெரியாது.”

“இருக்கிற மாதிரி வைக்கிறேங்க.”

“முதல்ல வையும். அது மாதாவின்ர வாய்தான் எண்டு சனம் ஒப்புக்கொள்ளட்டும். பிறகு உம்மட பிள்ளையைக் கொண்டாரும், நான் மறிக்கமாட்டன்.”

பெயின்ரர் மாமா தலையாட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்கு மட்டும்தான் அவர் அந்த லொறியில் ஏறியிருக்கிறார் என்று எனக்கே விளங்கியது.

அன்று பின்னேரம் ஊர் கூடியபோது அவர் கேட்டார், “அந்த வாயி எப்புடிங்க இருந்துச்சு?”

அந்த நிமிடம்வரை அது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“ஓரா வாய்” என்றார் சம்மாட்டியார்.

“சும்மா இருங்கோப்பா. ஓரா எண்டால் கொறிக்கும். மாதாவுக்குப் பாரைக்குஞ்சு” என்றா அவருடைய மனைவி.

“கீழ்ச்சொண்டில வலப்பக்கம் ஒரு மச்சம் இருந்தது” என்றா அம்மா.

“அது கொம்மாவுக்கடி” என்று அப்பா என் அம்மம்மாவை இழுத்தார்.

“ஏன், மாதாவுக்கு மச்சம் இருக்கப்படாதோ?”

“இருக்கலாம். ஆனால் கொம்மாவின்ர மச்சம் இருக்கேலாது.”

பெயின்ரர் மாமா கதைக்கிறவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் பிறந்தவர். மீன் என்றால் அவருக்கு ரின்மீனும் கருவாடும்தான். இரண்டுக்கும் முகம் இல்லை. “ஓரான்னா என்னாங்க?” என்று மெல்லக் கேட்டார்.

அடுத்த நாள் காலை வலை இழுத்த கையோடு சம்மாட்டியார் ஒரு ஓராவையும் ஒரு பாரைக்குஞ்சையும் கொண்டுவந்து, பனையோலைப் பெட்டியின் மூடியில் கிடத்தி, சுரூபத்தின் காலடியில் வைத்தார். பெயின்ரர் மாமா குந்தியிருந்து இரண்டின் முகத்தையும் பார்த்தார். பாரை இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. அவர் எழும்பிக் கைகூப்பினார்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. அம்மாளுக்கு மீன் வாயி வைக்க எனக்குக் கை வராதுங்க.”

“மீன் வாயை வையும் எண்டு ஆர் சொன்னது? மீன் மாதிரி வாய்.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே.”

சம்மாட்டியாரின் கன்னம் உப்பியது. அந்த மீன்கள் மத்தியானம் மாமியின் சட்டிக்குப் போயின. வாயைப்பற்றிய வழக்கில் அன்றைக்கு அது மட்டும்தான் தீர்ந்தது.

மலையில் வாயை எப்படிச் சொல்வீர்கள் என்று பெயின்ரர் மாமாவிடம் நான் கேட்டேன். பல்லுப் போன கிழவிகளுக்குக் கவ்வாத்து வாயாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால், அதாவது ஒட்ட நறுக்கினால், அப்படித்தான் கட்டை கட்டையாக நிற்குமாம். மெல்லிய உதட்டுக்காரிக்குக் கொழுந்து வாய். மேலுதடு சிறுத்துக் கீழுதடு தடித்தால் பேரிக்காய் வாய்.

“என்ர வாய்?”

“ஒன்னோடது கங்காணி வாயி தம்பி. மலை இந்தப் பக்கம் நின்னு கத்துனா அந்தப் பக்கம் கேக்கும்.”

கங்காணி என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவராம். எனக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. மீன் வாயிலிருந்து உத்தியோக வாய்க்கு ஏறிவிட்டேன்.

அவர் முதலில் சாந்து பிடித்து வைத்த வாய் நல்ல தடிப்பு, செக்கச் சிவப்பு. மூப்பர் மூன்றடி பின்னுக்குப் போனார். “இவா பலி கேக்கிறா போல கிடக்கு.” பெயின்ரர் மாமா கண்ணாடித் துண்டு ஒன்றால் அதைச் சுரண்டி எடுத்தார். அடுத்த வாய்க்குச் சம்மாட்டியாரின் மனைவி தன் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்த மாதா படத்தைக் கொடுத்தா. அந்தப் படத்தில் வாய் எள்ளளவு. அதைப் பெருப்பித்து வைத்தபோது குவிந்துபோய், மாதா விசிலடிக்கப் போவது மாதிரி வந்துவிட்டது.

“நாயைக் கூப்பிடுறா” என்றா அம்மா. சொல்லிவிட்டுத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டா.

அதுவும் சுரண்டப்பட்டது. பெருநாள் நெருங்கிக்கொண்டு வந்தது. “இன்னொருக்காப் பிழைச்சுதெண்டால் பட்டணத்துக்குத்தான் ஆள் அனுப்பவேணும், குறை நினையாதையும்” என்று மூப்பர் தணிவாகத்தான் சொன்னார். பெயின்ரர் மாமா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவிய தூரிகையைத் திரும்பவும் கழுவினார். கோயில் வாசலில் பாப்பா கடற்கரையில் பொறுக்கிய சோகிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு பெருந்தன்மை பொங்கியது.

போய் அவர் முன்னால் நின்றேன். “மாமா, ஏன் உங்களைக் கஷ்டப்படுத்துவான். மாதாவின்ர வாய் என்னட்டத்தான் இருக்கு.”

வேறு ஆளென்றால் குட்டியிருப்பார். அவர் என் கதை முழுவதையும் கேட்டார். எண்ணெய், அம்மாவின் உள்ளங்கை, சம்மாட்டியாரின் சாட்சியம் எல்லாவற்றையும். முகத்தில் சிரிப்பே இல்லை. பிறகு ஒரு சோடாப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

“இதுல ஏறி நில்லு தம்பி. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அளவு கெட்டுரும்.”

நின்றேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், காலைச் செபம் முடிந்தால் மத்தியானச் சாப்பாடுவரை வாயைத் திறக்காமல் நின்றேன். ஊர்ச் சனம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. நான் கதைக்காமல் நிற்பதைப் பார்க்கச் சம்மாட்டியார் வலை வேலையை விட்டுவிட்டு வந்தார். அம்மா ஒரு மெழுகுதிரி கொளுத்தினா. எனக்காகக் கொளுத்துகிறா என்று நினைத்தேன். பெயின்ரர் மாமாவுக்குக் காலையில் பொரித்த மீனும் ரொட்டியும் போனது எதற்கென்று பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. “பாவம் தம்பி, அவசரப்படாதையுங்கோ, ஆறுதலா அளவெடுங்கோ” என்று அம்மா அவரிடம் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறா.

உண்மையில் அவர் முதல் நாள் ஒரு ஈர்க்கை என் வாய்க்குக் குறுக்கே பிடித்ததோடு சரி. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவேயில்லை. சுரூபத்தைச் சுற்றி வள்ளத்தின் பழைய பாய்ச்சீலை ஒன்றைக் கட்டி மறைத்துவிட்டு உள்ளே வேலை செய்தார். இடையிடையே தலையை வெளியே நீட்டி, என் தோளுக்கு மேலாகக் கோயில் வாசலைப் பார்ப்பார். அங்கே பூவரச மர நிழலில் மாமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பா. பார்ப்பார். கண்ணை மூடுவார். மூடிய கண்ணோடு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு உள்ளே போவார். வர்ணக்காரர்கள் கண் களைத்தால் பச்சையைப் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மரம் பச்சையாகத்தானே இருந்தது.

காலையில் சேமித்த கதையெல்லாம் பின்னேரம் பாப்பாவின் தலையில் கொட்டும். அவளுக்குப் பக்கத்தில் இருந்து கடற்கதை, பேய்க்கதை, பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொல்வேன். அவள் கேட்பாள். என் வாழ்க்கையில் இடையில் மறிக்காமல் என் கதையைக் கேட்ட ஒரே பெண்பிள்ளை அவள்தான். ஒரு நாள் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. வாய் என்னிடம் இருக்கும்போது புது வாய் காயும்வரை இந்தப் பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும்? குசினிக்குள் போய் விரலில் எண்ணெய் தோய்த்துக்கொண்டு வந்தேன். கண்ணை மூடி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். என் சொண்டில் தடவினேன். பிறகு பாப்பாவின் சொண்டில் தடவினேன்.

கடித்தாள். மெல்ல இல்லை. நண்டு பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

நான் போட்ட சத்தத்தில் மாமி அவித்துக்கொண்டிருந்த கிழங்கை விட்டுவிட்டு ஓடி வந்தா. என்ன நடந்தது என்று நான் அழுதழுது சொன்னேன். எண்ணெய், மந்திரம், என் சொண்டு. சொல்லச் சொல்ல மாமியின் தோள் குலுங்கத் தொடங்கியது. மாமி சிரிப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு கையாலும் பாப்பாவின் வாயிலிருந்து என் விரலைப் பிரிக்க வந்தவாவுக்குத் தலைப்பைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அது நழுவியது.

முன்பல் இரண்டும் பாதியில் முறிந்திருந்தன. மேல்சொண்டில் தையல் போட்ட வடு ஒன்று சொண்டை மூக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஊரில் எல்லார் வாய்க்கும் மீன் தேடிக் கொடுத்தவன் நான். அந்த வாய்க்கு எனக்கு ஒரு மீனும் வரவில்லை.

மாமி சட்டென்று பொத்திக்கொண்டா. என் விரலை விட்ட பாப்பா தாயைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “லயத்தை எரிச்ச அண்டைக்கு அடிச்சவங்களாம். பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டதாம். அண்டையில இருந்து அவளுக்குக் கதையில்லை, இவாவுக்கு முகமில்லை. நீ வெளியில மூச்சு விடப்படாது.” பிறகு என் விரலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, “கடிக்கவாவது வாயைத் திறந்தாள்தானே” என்றா.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்கும். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் பின்னேரம் பாய்ச்சீலையை அவிழ்த்தார்கள். ஊர் முழுக்கக் கோயிலுக்குள் நின்றது. சுவாமியார் முன்னால். பெயின்ரர் மாமா ஒரு தூணோடு ஒட்டி நின்றார்; அவருடைய கை வேட்டியில் வர்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது, கையில் வர்ணம் இல்லை.

மூடிய வாய். சிவப்பும் இல்லை, வெளிறலும் இல்லை. வெற்றிலை போட்டு வாய் கொப்பளித்த பிறகு மிஞ்சுகிற நிறம். இடப்பக்கக் கடைவாய் மட்டும் மயிரிழை அளவு மேலே ஏறியிருந்தது. ஏதோ சொல்ல வந்தவா, சொல்வதற்கு முதல் கொஞ்சம் சிரிப்போம் என்று நினைத்தது போல.

மூப்பர் கிட்டப் போனார். நெடுநேரம் பார்த்தார். மீசைக்குக் கீழே ஒளிந்திருந்த அவருடைய வாய் அன்றைக்கு வெளியே வந்ததை நான் கண்டேன்.

“ஓம்” என்றார். “இதுதான்.”

“நான் அண்டைக்கே ஓரா எண்டு சொன்னனான்” என்றார் சம்மாட்டியார்.

“கண்ணைத் திறந்து பாருங்கோ. பாரைக்குஞ்சு” என்றா மனைவி.

அம்மா அழுதுகொண்டிருந்தா. “மச்சம் ஒண்டுதான் இல்லை” என்றா. அப்பா இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வாயை ஊரே முழந்தாளில் நின்று பார்க்கிறது. பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரையும் இழுத்து “என்ர வாய், என்ர வாய்” என்று காட்டினேன். எனக்கு இடப்பக்கக் கடைவாய் மேலே ஏறியதில்லை என்பதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. சோடாப்பெட்டி சரிவாக இருந்திருக்கலாம்.

அப்போது சுவாமியார் திரும்பினார். “இனி ஒருத்தரும் இதில விரல் வைக்கப்படாது, விளங்கிச்சோ? எண்ணெய் பூசித்தானே முந்தின வாயை அழிச்சனீங்கள். பெருநாள் முடியக் கண்ணாடிக் கூடு போடுவம்.”

பெயின்ரர் மாமா மூப்பரைப் பார்த்தார். மூப்பர் நிலத்தைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே, உள்ளே வரத் தயங்கி நின்ற மாமி, கையில் இருந்த எண்ணெய்ச் சிரட்டையைப் படியில் வைத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாடியை நோக்கி நடந்தா.

சனம் கலைந்தது. மூப்பர் சுவாமியாரின் கையைப் பிடித்தார். “வாங்கோ சுவாமி, சம்மாட்டியார் வீட்டில சாப்பாடு ஆறுது.” கதவடியில் என்னைக் கண்டதும் கோயில் திறப்பை என் கையில் வைத்தார். “பூட்டிப்போட்டு வா” என்றார், சுவாமியாருக்குக் கேட்கிற மாதிரி. பிறகு செருப்பைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்து, “அவசரமில்லை” என்றார் என் காதுக்குள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயம் எனக்கு உடனே விளங்கியது. ஓடினேன். மாமா வாடிக்குள் தூரிகைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். “வாங்கோ, திறப்பு என்னட்ட” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மாமி பாப்பாவை இடுப்பில் ஏற்றினா.

கோயிலுக்குள் இன்னும் வெளிச்சம் இருந்தது. மேற்கு யன்னலால் வெயில் சரிந்து வந்து சுரூபத்தின் தோளில் விழுந்திருந்தது. மாமா பாப்பாவை வாங்கி, மாதாவின் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். படியிலிருந்த சிரட்டையை நான் கொண்டுவந்து நீட்டினேன். மாமி விரலைத் தோய்த்தா. தோய்த்த விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவா இப்போதுதான் அந்த வாயைக் கிட்டத்தில் பார்க்கிறா. மற்றக் கை தலைப்பைத் தன் வாயோடு சேர்த்து இறுக்கியது. அவா திரும்பிக் கணவரைப் பார்த்தா. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்ணெய் ஒரு துளி நிலத்தில் விழுந்தது. சுவாமியாருக்குப் பயந்துதான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மௌனத்தை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியுமா.

பாப்பா கையை நீட்டினாள். விரல் இல்லை, முழு உள்ளங்கை. மாதாவின் வாயில் வைத்து, இடப்பக்கக் கடைவாயைப் பெருவிரலால் மெல்லத் தடவினாள்.

“கவனம் பாப்பா, வர்ணம் கழண்டிடும்” என்றேன். “அது என்ர வாய். மாமா என்னைப் பாத்துத்தான் செய்தவர். நம்பாட்டில் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்.”

சோடாப்பெட்டியை இழுத்து ஏறி, சுரூபத்தின் கன்னத்தோடு கன்னம் வைத்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாப்பா என்னைப் பார்த்தாள். மாதாவைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள்.

“போடா, இது எங்கம்மா வாயி.”